உலகம் செய்யும் சாவி யாரிடம்? - மைன்கிராஃப்ட் நிலத்தின் கதை

போன மாதம் எங்கள் ஹாஸ்டலில் ஒரு சண்டை. காரணம் 404 என்ற எண்.

நண்பன் ஒருவன் 2011-ம் ஆண்டு மைன்கிராஃப்ட் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறான். அதில் ஆடுகிறவர் புது உலகம் தொடங்கும்போது 404 என்று ஒரு எண்ணைக் கொடுக்கிறார். சரளைக்கல் பரப்பு ஒன்று வருகிறது. சரளையைக் கொஞ்சம் கிளறியதும் தரை சரிந்து உள்ளே விழுகிறது. கீழே வாயைப் பிளந்தபடி பெரிய குகை. இவனும் தன் லேப்டாப்பில் 404 கொடுத்தான். சரளையும் இல்லை, குகையும் இல்லை. "வீடியோ டூப்புடா" என்றான். "ஒரே நம்பர் கொடுத்தா ஒரே உலகம்தான் வரும், நீதான் எதையோ தப்பா அடிச்சிருக்க" என்றான் அறை நண்பன். இரவு பதினொன்றரைக்கு விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன் வரும் வரை ஓடியது.

நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் வார்டன் முன்னால் விளக்க முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஒரே வரியில் சொன்னால்: மைன்கிராஃப்ட் உலகம் என்பது விதை எண்ணும் விதிகளும் சேர்ந்தது. விதை எண்ணை நம் கையில் கொடுத்துவிட்டார்கள். விதிகளை யார் தொடலாம் என்பதில்தான் பத்து வருஷத்துக்கு மேல் இழுபறி. கொடுத்தார்கள், பிடுங்கினார்கள், மறுபடி கொடுத்தார்கள், மறுபடி பிடுங்கினார்கள். அந்த வரலாறுதான் இது.

எட்டு கேலக்ஸியை எங்கே வைப்பது?

கதை மைன்கிராஃப்டில் ஆரம்பிக்கவில்லை. 1980-ல் வந்த ரோக் என்ற ஆட்டத்தில் பாதாள அறைகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். வரைந்து வைத்த வரைபடம் கிடையாது, புரோகிராமே அந்த நேரத்தில் போட்டுக்கொள்ளும். 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எலைட் என்ற விண்வெளி ஆட்டத்தை பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதினார்கள். அந்த மெஷினின் நினைவகம் வெறும் 32 கேபி. இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிது. அதற்குள் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 கிரகம், ஒவ்வொரு கிரகத்துக்கும் பெயர், அரசாங்கம், பொருளாதாரம் எல்லாம் இருந்தன. எப்படி? எதையும் சேமித்து வைக்கவில்லை. ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் போட்டு ஒவ்வொரு கிரகத்தையும் தேவைப்படும்போது வரவழைத்தார்கள். தொடக்க எண் மாறாததால் கிரகங்களும் மாறாது. இதுதான் 'விதை எண்' என்ற யோசனை. ஆனால் எலைட்டில் அந்த எண் ஆடுகிறவர் கைக்கு வராது. எழுதியவர்கள் தேர்ந்தெடுத்த பிரபஞ்சத்தில்தான் எல்லோரும் பறந்தார்கள்.

அடுத்த தேவை நிலம். ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் தாயம் உருட்டி முடிவு செய்தால் என்ன ஆகும்? ஓர் அடி 3 மீட்டர், பக்கத்து அடி 90 மீட்டர், அதற்கடுத்தது 12 மீட்டர். பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்குமே தவிர மலை மாதிரி இருக்காது. இதற்கு வழி கண்டவர் கென் பெர்லின். 1982-ல் வந்த ட்ரான் படத்தின் கம்ப்யூட்டர் காட்சிகளில் வேலை செய்தவர். எல்லாமே மொழுமொழுவென்று பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறதே என்ற எரிச்சலில் அவர் உருவாக்கி 1985-ல் வெளியிட்டதுதான் பெர்லின் நாய்ஸ். தாறுமாறான எண்கள்தான், ஆனால் பக்கத்துப் பக்கத்து இடங்களின் மதிப்பு மெதுவாக மாறும். பெரிய அலை ஒன்று, அதன் மேல் சின்ன அலை, அதன் மேல் இன்னும் சின்ன அலை என்று அடுக்கினால் மலை, மேடு, கரடுமுரடு எல்லாம் வந்துவிடும். இதற்காக அவருக்கு 1997-ல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. மைன்கிராஃப்டின் மலைகள் எல்லாம் இந்த நாய்ஸின் பேரப்பிள்ளைகள்.

முதல் மெனு

2009 மே மாதம் ஸ்வீடன்காரர் மார்க்கஸ் பெர்ஸன் (எல்லோரும் நாட்ச் என்று கூப்பிடுவார்கள்) மைன்கிராஃப்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். இன்ஃபினிமைனர், டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் இரண்டும் தன்னைப் பாதித்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். இதில் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் நம் கதைக்கு முக்கியம். ஆடம்ஸ் சகோதரர்கள் இரண்டு பேர் செய்து 2006-ல் வெளிவந்தது. அதில் மழை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எரிமலை எத்தனை, உலகத்துக்கு எத்தனை வருஷ வரலாறு வேண்டும் என்பது வரை ஆடுகிறவர் எண்ணைக் கொடுத்து மாற்றலாம். படம் கிடையாது, எழுத்துகள்தான் உலகம். ஆனால் விதிகள் முழுக்கத் திறந்து கிடந்தன.

மைன்கிராஃப்டும் ஆரம்பத்தில் அந்த வழியில்தான் ஓர் அடி வைத்தது. 2009 டிசம்பரிலிருந்து 2010 பிப்ரவரி வரை 'இண்டெவ்' என்ற கட்டம். அதில் உலகம் தொடங்கும் முன் ஒரு மெனு வரும். நான்கு கேள்விகள்.

நிலம் என்ன வகை? உள்நாடு, தீவு, மிதக்கும் நிலம், சமதளம்.
வடிவம்? சதுரம், நீளம், ஆழம்.
அளவு? சிறியது, சாதாரணம், பெரியது.
சூழல்? சாதாரணம், நரகம், சொர்க்கம், காடு.

நரகம் என்று கொடுத்தால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் எரிமலைக் குழம்பு. மிதக்கும் நிலம் என்று கொடுத்தால் வானத்தில் தீவுகள். யோசித்துப் பாருங்கள், ஆட்டம் பிறந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை, அதற்குள் உலகத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஆடுகிறவர் கையில் இருந்தது.

எல்லை போனது, மெனுவும் போனது

2010 பிப்ரவரி 27. 'இன்ஃப்டெவ்' வந்தது. பெயரே சொல்கிறது, முடிவில்லாத உலகம். அதுவரை உலகம் ஒரு பெட்டி, சுவரில் முட்டி நின்றுவிடும். இனி நடக்க நடக்க நிலம் வந்துகொண்டே இருக்கும். ஆடுகிறவர் பக்கத்தில் போகும்போது மட்டும் 16-க்கு 16 பிளாக் கொண்ட துண்டு துண்டாக நிலம் உருவாகும். இந்தத் துண்டுக்குப் பெயர் சங்க். ஒருமுறை உருவான சங்க் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டுவிடும். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிலத்தைச் செய்யும் முறையும் மாறியது. வெறும் உயரத்தை மட்டும் கணக்கிட்டால் குடை மாதிரி துருத்தி நிற்கும் பாறை வராது. அதனால் முப்பரிமாணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் 'அடர்த்தி' எண்ணை நாய்ஸிலிருந்து எடுத்தார்கள். பூஜ்யத்துக்கு மேலே என்றால் கல், கீழே என்றால் காற்று. எல்லாப் புள்ளிக்கும் கணக்குப் போட்டால் கம்ப்யூட்டர் திணறும் என்பதால் நீள அகலத்தில் 4 பிளாக்குக்கு ஒன்று, உயரத்தில் 8 பிளாக்குக்கு ஒன்று என்று எடுத்து நடுவில் நிரப்பிக்கொண்டார்கள். மைன்கிராஃப்டின் பெயர்போன தொங்கும் பாறைகளும் வளைவுகளும் இப்படித்தான் வந்தன.

அழகான உலகம்தான். ஆனால் அந்த நான்கு கேள்வி மெனு காணாமல் போனது. பழைய மெனு பழைய கணக்கோடு கட்டப்பட்டது, கணக்கு போனதும் அதுவும் போய்விட்டது. இந்தக் கதையில் இது முதல் முறை, கடைசி முறை அல்ல.

முடிவில்லாத உலகத்திலும் ஒரு விரிசல் இருந்தது. நடுப்புள்ளியிலிருந்து 1,25,50,821 பிளாக் தூரம் போனால் நாய்ஸ் கணக்கில் எண் அதன் கொள்ளளவைத் தாண்டி வழிந்துவிடும். நிலம் திடீரென்று சல்லடை மாதிரி துளைகளோடு வானளாவிய சுவராக எழும்பும். இதற்கு 'ஃபார் லேண்ட்ஸ்' என்று பெயர். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பது கணக்கு. அப்படியானால் இது 12,550 கிலோமீட்டர், பூமியின் குறுக்களவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நிற்காமல் நடந்தாலே 33 நாளுக்கு மேல் ஆகும். குர்ட் மேக் என்ற அமெரிக்கர் 2011 மார்ச்சில் அதை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நடப்பதை வீடியோவாகப் போட்டு, குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்துக்குப் பணம் திரட்டினார். கின்னஸ் சாதனையிலும் இடம்பிடித்தார். யாரும் திட்டமிட்டுச் செய்யாத ஒரு கணக்குப் பிழை, ஒருவருடைய பல வருஷப் பயணத்துக்கு இலக்கானது.

அம்மா என்று ஒரு உலகம்

2011 பிப்ரவரியில் பீட்டா 1.3 வந்தது. உலகம் தொடங்கும்போது விதை எண் கொடுக்க ஒரு கட்டம். இதை 'சீட்' என்பார்கள். எலைட்டில் எழுதியவர்கள் கையில் இருந்தது, இங்கே நம் கைக்கு வந்தது.

எண்ணுக்குப் பதில் வார்த்தையும் கொடுக்கலாம். ஆட்டம் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பில் முறை எளிது. கையில் இருக்கும் எண்ணை 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் யூனிகோட் எண்ணைக் கூட்ட வேண்டும். கடைசி எழுத்து வரை இப்படியே. நோட்டில் போட்டுப் பார்த்தேன். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள். அவற்றின் எண்கள் 2949, 2990, 3021, 2990, 3006. பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் 281,55,37,396 வருகிறது. 32 பிட்டில் இது அடங்காது, அதனால் வழிந்து மைனஸ் பக்கம் போய் -1479429900 ஆகிறது. ஆக, 'அம்மா' என்று அடித்தாலும் அந்த மைனஸ் எண்ணை அடித்தாலும் ஒரே உலகம்தான். ஒரு விஷயம் கவனியுங்கள். வார்த்தையாகக் கொடுத்தால் சுமார் 430 கோடி உலகங்களுக்குள்தான் சுற்றுவோம். எண்ணாகக் கொடுத்தால் 18-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு உலகங்கள்!

சீட் வந்ததும் ஆடுகிறவர்களிடையே பெரிய பண்டமாற்று தொடங்கியது. நல்ல உலகம் கிடைத்தால் எண்ணைச் சொன்னால் போதும். 404 பிரபலமானது அப்போதுதான். அந்தக் குகைக்கு மேலே யார் நல்ல வீடு கட்டுவது என்று போட்டியே நடந்தது.

பிறகு 2011 செப்டம்பரில் பீட்டா 1.8. நிலத்தின் விதிகள் அடியோடு மாறின. காடு, பாலைவனம், சதுப்பு போன்ற நிலவகைகளைப் பிரிக்கும் முறை புதிது. (இதை பயோம் என்பார்கள். தமிழில் 'திணை' என்றே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.) ஃபார் லேண்ட்ஸ் பிழையும் சரிசெய்யப்பட்டது. 404 என்று கொடுத்தால் இப்போது வேறு ஏதோ ஓர் இடம். பழைய உலகத்தை வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. சேமித்த சங்க் எல்லாம் பழைய விதி, இனி உருவாகும் சங்க் எல்லாம் புது விதி. இரண்டும் சேரும் இடத்தில் மலை கத்தியால் வெட்டியது மாதிரி நேர்கோட்டில் முடிந்து, பக்கத்திலேயே கடல் ஆரம்பித்தது. குர்ட் மேக் பீட்டா 1.7.3-ஐ விட்டு நகரவே இல்லை. புதுப்பித்தால் அவர் நடந்துகொண்டிருந்த இலக்கே இல்லாமல் போய்விடும்!

ஒவ்வொரு சாவியாக

2011 நவம்பரில் ஆட்டத்தின் 1.0 பதிப்பு வந்தது. அடுத்த மாதம் பொறுப்பு ஜென்ஸ் பெர்கன்ஸ்டன் கைக்கு மாறியது (இவரை ஜெப் என்பார்கள்). அதன் பிறகு விதிகளைத் தொடும் சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

2012 ஜனவரி, 1.1 பதிப்பு: சூப்பர்ஃப்ளாட். அடியில் ஒரு அடுக்கு பெட்ராக், மேலே இரண்டு அடுக்கு மண், அதற்கு மேல் ஒரு அடுக்கு புல். அவ்வளவுதான் உலகம். "இதில் என்ன சுவாரசியம்?" என்று கேட்கலாம். ரெட்ஸ்டோனை வைத்துக் கால்குலேட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் கட்டியவர்களுக்கு இதுதான் வரைபலகை. அதே வருஷம் அக்டோபரில் அடுக்குகளை நாமே மாற்றும் வசதியும் வந்தது.

2012 ஆகஸ்ட், 1.3: பெரிய பயோம்கள். ஒவ்வொரு திணையும் நீளத்தில் 4 மடங்கு, அகலத்தில் 4 மடங்கு. பரப்பில் 16 மடங்கு. பாலைவனத்தில் நடக்க ஆரம்பித்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

2013 அக்டோபர், 1.7: ஆம்ப்ளிஃபைட். மலைகள் உலகத்தின் கூரை வரை எழும்பும். நல்ல பலமான கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆட்டமே எச்சரிக்கும்.

இதற்கிடையில் பொறுமை இல்லாதவர்கள் தாங்களே பூட்டை உடைத்தார்கள். டெரெய்ன் கன்ட்ரோல் போன்ற மாட்கள் எழுதப்பட்டன. ஒரு கோப்பில் எண்களை மாற்றி எந்தத் திணை எவ்வளவு உயரம், எந்த மரம் எத்தனை என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கலாம். பல சர்வர்கள் இப்படித்தான் தங்கள் சொந்த உலகங்களைச் செய்தன.

சாவிக் கொத்து

2014 செப்டம்பர் 2. 1.8 பதிப்பு. (மேலே சொன்ன பீட்டா 1.8 வேறு, இது வேறு. குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.) இரண்டு வாரத்தில் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு மோஜாங் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்ததால் செய்திகளில் எல்லாம் அதுதான். அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்காத ஒன்று இந்தப் பதிப்பில் இருந்தது. 'கஸ்டமைஸ்ட்' என்ற உலக வகை.

திறந்தால் பக்கம் பக்கமாக ஸ்லைடர்கள். முதல் பக்கத்தில் கடல் மட்டம் (சாதாரணமாக 63), குகை வேண்டுமா, கிராமம் வேண்டுமா, ஆறு எவ்வளவு பெரிது என்ற கேள்விகள். இரண்டாவது பக்கத்தில் தாதுக்கள். அதற்குப் பிறகு நாய்ஸின் எண்களே நேரடியாக. எந்த அச்சில் எவ்வளவு இழுப்பது, உயரத்தை எவ்வளவு நீட்டுவது என்று. கென் பெர்லினின் கணக்கின் திருகாணிகளைப் பத்து வயதுப் பையன் ஒருவன் மவுஸால் இழுத்துப் பார்க்க முடிந்தது. என்ன செய்கிறோம் என்று புரியாமலே இழுத்தாலும் பரவாயில்லை, பலன் கண் முன்னால் நிற்கும். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு மறுபடி இழு.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது பக்கம். நிலக்கரிக்கு ஒரு சங்க்கில் 20 முயற்சி, ஒவ்வொரு முயற்சியின் அளவு 17, உயரம் 0 முதல் 128 வரை. வைரத்துக்கு ஒரே ஒரு முயற்சி, அளவு 8, உயரம் 0 முதல் 16 வரை மட்டும். வைரத்தின் மதிப்பு என்பது இந்த வரிதான். அந்த 1-ஐ 20 ஆக்கினால் என்ன ஆகும்? முதல் அரை மணி நேரம் கொண்டாட்டம். கவசம், வாள், கோடாலி எல்லாம் வைரத்தில். அடுத்த அரை மணி நேரத்தில் தோண்டுவதற்கே காரணம் இருக்காது. எளிதாகக் கிடைத்தால் மதிப்பு போய்விடும் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்வதை இந்த ஒரு ஸ்லைடர் ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும்.

கூடவே ஏழு தயார் உலகங்களும் கொடுத்தார்கள். தண்ணீர் உலகம், தீவு நிலம், குகைப் பிரியர்களுக்கான உலகம், மலைப் பைத்தியம், வறட்சி, குழப்பக் குகைகள், கடைசியாக 'குட் லக்'. நாம் செய்ததை ஒரு நீளமான எழுத்துச் சரமாக நகலெடுத்து நண்பனுக்கு அனுப்பலாம். முதலில் சீட்டை மட்டும் பரிமாறிக்கொண்டவர்கள் இப்போது விதிகளையும் பரிமாறிக்கொண்டார்கள்.

(போனில் ஆடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த ஸ்லைடர்கள் போன் பதிப்புக்கு வரவே இல்லை. நம் ஊரில் பலருக்கு மைன்கிராஃப்ட் என்றாலே போன்தான். எனவே நான் சொல்வது கேள்விப்படாத விஷயமாக இருந்தால் ஆச்சரியமில்லை.)

மறுபடி பூட்டு

2018 ஜூலை. 1.13. கடலை மையமாக வைத்த பெரிய அப்டேட். பவளப்பாறை, டால்ஃபின், மூழ்கிய கப்பல் என்று கடல் உயிர் பெற்றது. அதற்காக நில உருவாக்கத்தின் நிரலைப் பெரும்பாலும் மாற்றி எழுதினார்கள். ஸ்லைடர்கள் பழைய நிரலின் திருகாணிகள். இன்ஃப்டெவில் நடந்தது மறுபடியும் நடந்தது. கஸ்டமைஸ்ட் நீக்கப்பட்டது.

பழைய கஸ்டமைஸ்ட் உலகத்தைத் திறந்தால் ஒரு செய்தி வரும். உலகத்தில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் இனிமேல் உருவாகும் நிலம் உங்கள் விதிப்படி இருக்காது, மன்னிக்கவும் என்று. கடல் மட்டத்தை உயர்த்தித் தீவுகளாகச் செய்து வைத்திருந்தவர் படகில் போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் அவர் கடல் முடிந்து எல்லோருடைய நிலமும் ஆரம்பிக்கும். பீட்டா 1.8-ல் பார்த்த அதே வெட்டுக்கோடு. இந்த ஒரு காரணத்துக்காகவே 1.12-ஐ விட்டு நகராதவர்களும் உண்டு.

பதிலுக்கு 'பஃபே' என்று ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு திணையைத் தேர்ந்தெடுத்து உலகம் முழுக்க நிரப்பலாம். அதில் ஒரு வேடிக்கை: நிலத்தின் வகை என்ற இடத்தில் மிதக்கும் தீவுகள் என்று ஒரு தேர்வு. 2010-ல் இண்டெவோடு போன விஷயம் எட்டு வருஷம் கழித்து வேறு பெயரில் பின்வாசல் வழியாக வந்தது!

ஸ்லைடர் போய் கோப்பு வந்தது

2020-ல், 1.16 பதிப்புகளோடு, விதிகள் மறுபடி திறந்தன. இம்முறை ஸ்லைடர் இல்லை. ஜேசன் என்ற வடிவில் எழுதிய கோப்புகள். உலகத்தின் திணைகள், நாய்ஸ் அளவுகள், தாதுக்கள் எல்லாவற்றையும் எழுத்தாக எழுதி ஒரு டேட்டாபேக்கில் வைத்தால் ஆட்டம் அதன்படி உலகம் செய்யும். இது சோதனை முயற்சி என்ற எச்சரிக்கையும் கூடவே வரும்.

2021 நவம்பர் 30-ல் வந்த 1.18 இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. உலகத்தின் அடிமட்டம் 0-விலிருந்து -64-க்கு இறங்கியது, கூரை 256-லிருந்து 320-க்கு ஏறியது. மொத்தம் 384 பிளாக். நிலத்தைத் தீர்மானிப்பது வெப்பம், ஈரம், கண்டத்தின் உள்ளே எவ்வளவு தூரம், அரிப்பு எவ்வளவு என்பது போன்ற பல நாய்ஸ்களின் கூட்டு. இதையும் கோப்பில் மாற்றலாம். டெராலித் போன்ற டேட்டாபேக்குகள் மாட் எதுவும் இல்லாமல், புது பிளாக் ஒன்றுகூடச் சேர்க்காமல், ஏராளமான புதுத் திணைகளைக் கொண்டுவந்தன. பழைய ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் இது வராது.

1.18-ல் நான் மதிக்கும் இன்னொரு விஷயம் உண்டு. பழைய உலகத்தைத் திறந்தால் பழைய நிலமும் புது நிலமும் சேரும் இடத்தைக் குழைத்து இணைக்கிறார்கள். மலை சரிவாக இறங்கி அடுத்த நிலத்தில் சேர்கிறது. பழைய நிலத்துக்கு அடியில் 64 பிளாக் ஆழமும் புதிதாக வருகிறது. 2011-ல் கத்தி வெட்டு, 2018-ல் மன்னிப்புச் செய்தி, 2021-ல் தையல். பத்து வருஷம் ஆனது, ஆனாலும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு முறையும் உலகம் பெரிதாகும்போதும் அழகாகும்போதும் அதன் விதிகளைத் தொடும் வழி அறுந்து போயிருக்கிறது. இதில் சதி எதுவும் இல்லை. புது நிரலில் பழைய திருகாணி பொருந்தாது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படிக்கிற எவனுக்கும் இது புரியும். இன்றைக்குக் கையில் இருக்கும் கோப்பு முறை, வலிமையில் எல்லாப் பழைய மெனுவையும் விடப் பெரியது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் ஒன்று குறைந்துவிட்டது. ஜேசன் கோப்பு எழுத, முதலில் அப்படி ஒன்றை எழுதலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்லைடருக்கு அது வேண்டாம். அது கண்ணில் படும், கை தானாகப் போகும். "வைரம் ஏன் அரிது? யாரோ ஒருவர் 1 என்று எழுதியதால்" என்பதை எந்தப் பாடமும் இல்லாமல் ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்த மெனு அது. நாம் நிற்கும் நிலம் தானாக வந்ததல்ல, யாரோ முடிவு செய்தது, வேறு மாதிரியும் முடிவு செய்திருக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அது ஆட்டத்தோடு நிற்காது. நான் கோட் எழுத வந்ததற்கே அந்த இரண்டாவது பக்கம்தான் பாதிக் காரணம்.

விதிகளைச் சேமித்து வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லி முடிக்கிறேன். ஆட்டத்தோடு வரும் பழைய சின்னப் படம் ஒன்று உண்டு, 128-க்கு 128 புள்ளி. அந்த இடம் எந்த உலகத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2020-ல் மைன்கிராஃப்ட்@ஹோம் என்ற தன்னார்வலர் குழு, உலகெங்கும் பலரின் கம்ப்யூட்டர்களைச் சேர்த்துத் தேடி, செப்டம்பரில் கண்டுபிடித்தது. சீட் 3257840388504953787. ஆனால் அந்த எண்ணை இன்றைய பதிப்பில் கொடுத்தால் அந்த இடம் வராது. ஆல்ஃபா 1.2.2-ல் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து விதிகள் அழியாமல் இருந்ததால்தான் தேடவே முடிந்தது.

ஹாஸ்டல் சண்டைக்குத் தீர்ப்பும் அதுதான். மைன்கிராஃப்ட் லாஞ்சரில் பழைய பதிப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் உட்கார வைத்து, பீட்டா 1.7.3 போட்டு, 404 என்று அடித்தேன். சரளைக்கல் பரப்பு வந்தது. வீடியோ டூப்பு என்று சொன்னவன் தான் முதலில் கிளறினான். தரை சரிந்தது.

"டேய், நிஜமாவே இருக்குடா" என்றான்.

இருக்கிறது. விதியும் இருந்தால்.